ஏர்பேடு ரெண்டாவது பக்கத்துல இருக்குது, சார்

எனக்குச் சம்பளம் குடுக்கறது ஒரே காரியத்துக்கு. நெட்டுக்க நிக்கறத அகலத்துல பரத்தணும். அவ்ளோதான். சித்தூர்ல எங்கம்மா சர்ச்சுக்கு வர்றவங்க கிட்ட எல்லாம், பையன் திருப்பதியில சாஃப்ட்வேர்ல இருக்கறான்னு சொல்லிக்கினு இருக்காங்க. சொல்லிக்கட்டும், அந்தச் சந்தோஷத்த நான் ஏன் கெடுக்கணும்?

நான் இருக்கறது ஒரு பஸ் காண்ட்ராக்ட் ஆபீஸ். திருப்பதியிலிருந்து ஸ்ரீ சிட்டி பேக்டரிங்களுக்கு ஆளுங்கள ஏத்திக்கினு போற பஸ்ஸுங்க எங்களுது. ஏறும்போது ஒவ்வொருத்தரும் கழுத்துல தொங்கற கார்ட மெஷின்ல காட்டணும். எந்த ஸ்டாப்புன்னு டிரைவர் மெஷின்ல அழுத்தி வெச்சிருப்பாரு. இன்ன தேதி, இன்ன ஸ்டாப், இன்ன ஆளுன்னு ஒண்ணு கீழ ஒண்ணா அது எழுதிக்கினே போவும். ரேஷன் கடை க்யூ மாதிரி நீளமா நிக்கும். எங்க மேனேஜருக்கு க்யூ வேணாம். இடது பக்கம் தேதிங்க, மேல குறுக்க ஸ்டாப் பேருங்க, நடுவுல எத்தினி பேர் ஏறினாங்கன்ற நம்பரு. இப்படி க்யூவக் கலைச்சி கட்டம் கட்டமா உக்கார வெக்கறதுக்கு எங்க தொழில்ல பிவட்னு பேரு. ஒரு ஸ்டாப் பேருக்குக் கீழ நெட்டுக்க எறங்கற நம்பருங்கள நான் பத்தின்னு சொல்றேன், மனசுல வெச்சிக்குங்க.

இதுல ஒரு இழவு இருக்குது. டேட்டாபேஸ் கிட்ட பேசறதுக்கு எஸ்க்யூஎல்னு ஒரு பாஷை, அதுல எழுதிக் கேக்கற கேள்விக்குப் பேரு குவெரி. ரொம்ப முறைப்பு புடிச்ச பாஷை அது. மேல இன்னின்ன பத்தி வரும்னு முன்னாடியே பேர் பேரா எழுதிக் குடுத்தாத்தான் வேலைக்கு எறங்கும். நீயே பாத்து போட்டுக்கோன்னா அதுக்குக் காது கேக்காது. பந்திக்கு யார் யாரு வர்றாங்கன்னு பேர் எழுதிக் குடுத்தாத்தான் இலை போடுவேன்னு ஒரு சமையக்காரர் அடம் புடிச்சா எப்படி இருக்கும், அப்படி. ஆனா திருப்பதியில ஸ்டாப்புங்க ஒரு நிலையில நிக்கறதில்ல. யாரோ ஒரு கவுன்சிலரோட மச்சானுக்கு பேக்டரியில வேலை கெடைக்கும், அடுத்த வாரமே அவரு வூட்டு வாசல்ல ஒரு ஸ்டாப் மொளைச்சிடும். நான் பல்லு வெளக்கிக்கினு இருப்பேன், மேனேஜர் போன் பண்ணுவாரு. "தம்முடு, கொர்லகுண்ட்டா ராலேதய்யா." கொர்லகுண்ட்டா வரலியாம். வாயில நுரையோட போய் லேப்டாப்பத் தொறந்து, குவெரியில கொர்லகுண்ட்டான்னு ஒரு பேரச் சேத்துட்டு வந்து வாய் கொப்பளிப்பேன்.

பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு ஒரு நாள் உக்காந்து மொத்தமா மாத்தி எழுதினேன். குவெரிய எழுதற குவெரி. அது மொதல்ல போய் எந்தெந்த ஸ்டாப்புல ஆளுங்க ஏறியிருக்காங்கன்னு பாக்கும். அந்தப் பேருங்கள எல்லாம் கமா போட்டுக் கோத்து, இன்னொரு குவெரிய அதுவே எழுதி, அதுவே ஓட்டும். ஸ்டாப் கூடினா பத்தி கூடும், கொறைஞ்சா கொறையும். மொத தடவ அது தப்பில்லாம ஓடினப்ப எனக்கு வந்த பெருமையச் சொல்லி மாளாது. சேர்ல இருந்து எழுந்து ஆபீஸ் வெராண்டாவுல ரெண்டு நட நடந்துட்டு வந்தேன். பாத்து மெச்சறதுக்குத்தான் ஒரு நாதி இல்ல.

மேனேஜர் கிட்ட போய் வெளக்கினேன். "சார், இனிமே யாராவது ஏறினா அந்த ஸ்டாப் தானா வந்துடும். யாரும் ஏறலன்னா அந்தப் பேரே வராது." மொத பாதி அவரு காதுல ஏறல. ரெண்டாவது பாதி ஆணி அடிச்ச மாதிரி எறங்கிடுச்சி. "எக்ககபோத்தே ராது! பாகுந்தய்யா!"ன்னு தொடையில தட்டிக்கினாரு. ஏறலன்னா வராது, பேஷ்! அந்த வார்த்தைய அவரு பத்திரமா மடிச்சி எடுத்து வெச்சிக்கினாரு, எனக்கே திருப்பிக் குடுக்கறதுக்கு.

மேனேஜரோட பழக்கவழக்கத்தையும் கொஞ்சம் சொல்லணும். நாள் பூரா ரிப்போர்ட் ரிப்போர்ட்டுன்னு உயிர வாங்கற அந்த மனுஷன் ஸ்க்ரீனப் பாக்கவே மாட்டாரு. ஸ்க்ரீன்ல இருக்கறது மாறிடுமாம், பேப்பர்ல இருக்கறது மாறாதாம். அதனால காலையில நான் பிரிண்ட் எடுத்துக் குடுக்கணும். ஏ ஃபோர் பேப்பர்தான். அதுவும் நெட்டுக்கதான், அகலமாத் திருப்பி அடிச்சா அவரு ஃபைலுக்கு ஓட்டை போடற எடம் மாறிடும். பேப்பர வாங்கி ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்குவாரு. தலைப்புல தெலுங்குல ஒரு ஸ்ரீ போடுவாரு. கீழ மூலையில கையெழுத்து. அப்புறம் அத்த போன்ல போட்டோ புடிச்சி, சித்தூர்ல இருக்கற மொதலாளிக்கு வாட்ஸ்அப்புல அனுப்புவாரு. அதோட அன்னிக்கு ராஜ்யபாரம் முடிஞ்சிது.

பத்தி கூடிப் போய் ரெண்டாவது பேப்பர் வந்தா? அதுக்கு ஸ்ரீ கெடையாது, கையெழுத்து கெடையாது, போட்டோவும் கெடையாது. அது எக்ஸ்ட்ரா. எதிர் டீக்கடையிலிருந்து மைசூர் போண்டா வரும். அந்த எக்ஸ்ட்ரா பேப்பர ரெண்டா மடிச்சி மேசையில போட்டு, அது மேல போண்டாவ வெச்சி, எண்ணெய் எல்லாம் எறங்கினப்புறம் துன்னுவாரு. எண்ணெய் ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காராம். நான் ஒரு தடவ, "சார், அதுலயும் ஸ்டாப்புங்க இருக்குது"ன்னு சொன்னேன். "ஒக்க பேஜி, தம்முடு. பாஸுக்கு ஒக்க பேஜி"ன்னு சட்னியத் தொட்டுக்கினே சொன்னாரு. ஒரே பக்கம்தான் ரிப்போர்ட்டு. சரி, நமக்கின்னான்னு வந்துட்டேன்.

நமக்கின்னான்னு வந்திருக்கக் கூடாத ஆளு நான். ஏன்னா ஸ்டாப் பேருங்க இங்கிலீஷ் எழுத்து வரிசையில வரும். அலிப்பிரி மொதல்ல. கரகம்பாடி, ரேணிகுண்டா, திருச்சானூர் எல்லாம் வந்து முடிஞ்சப்புறம், ஒய்யில ஆரம்பிக்கறதால, ஏர்பேடு கடைசி. தமிழ்ல எழுதினாலும் தெலுங்குல எழுதினாலும் முன் சீட்டுல உக்கார வேண்டிய ஊரு. எந்தத் துரை அத்த இங்கிலீஷ்ல எழுதினானோ, பின்னாடி தள்ளிட்டுப் பூட்டான். சாதாரண நாள்ல ஏர்பேடு பேப்பரோட வலது ஓரத்துல, பஸ்ஸு படியில தொங்கறவன் மாதிரி ஒட்டிக்கினு வரும். அந்த ஸ்டாப்புலதான் என் பொண்டாட்டி தினம் ஏறுவா.

அவ நகரிக்காரி. பவர்லூம் வூட்டுப் பொண்ணு. தறி சத்தத்துக்கு மேல பேசிப் பேசியே வளந்தவ, மெதுவாப் பேசுன்னா அவளுக்கு வராது. நான் சித்தூர் மிஷன் காம்பவுண்டு. ரெண்டு வூட்டுக்கும் புடிக்காத கல்யாணம், அதனால ரெண்டு வூட்டுக்கும் சம்பந்தமில்லாத ஊராப் பாத்து ஏர்பேடுல வாடகைக்கு எடுத்தோம். எனக்குத் திருப்பதி இந்தப் பக்கம், அவளுக்கு ஸ்ரீ சிட்டி அந்தப் பக்கம். பின்னாடி வேர்க்கடலைக் கொல்லி, முன்னாடி மெயின் ரோடு, ரோட்டுக்கு அந்தாண்ட ஸ்டாப். இருட்டோட எழுந்து, டிபன் பாக்ஸக் கட்டிக்கினு, பஸ்ஸு லைட்டு தூரத்துல தெரிஞ்சதும் ஓடிப் போய் ஏறுவா. சாயங்காலம் அதே எடத்துல எறங்குவா. நாங்க ரெண்டு பேரும் ஒரே கூரை அடியில இருக்கறதே அந்த ஸ்டாப்ப நம்பித்தான். அது இல்லன்னா அவ வேலைய விடணும், இல்ல வூட்ட விடணும், மூணாவது வழி கெடையாது. அப்பத்தான் அவளுக்கு பேக்டரியில லைன் லீடர் போஸ்ட் குடுத்திருந்தாங்க. அத்தச் சொல்லும்போது அவ மூஞ்சியப் பாக்கணும். பிவட் ஓடினப்ப நான் வெராண்டாவுல நடந்ததெல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமேயில்ல.

அப்ப திருப்பதியில கங்கம்மா ஜாத்திரை வந்துது, ஊரு அம்மன் திருவிழா. வருஷா வருஷம் வர்றதுதான். பழைய ஊருத் தெருவெல்லாம் ஜனம், பஸ்ஸு உள்ள போக முடியாது, சுத்திக்கினு போவும். ஆளுங்க கெடைச்ச மூலையில நின்னு கைய ஆட்டுவாங்க. நம்ம டிரைவருங்க ரொம்ப நேர்மையானவங்க. வேற எடத்துல ஏத்திட்டு பழைய ஸ்டாப்ப அழுத்த மனசு வராது, மெஷின்ல புதுசா பேர் அடிச்சிடுவாங்க. பெட்ரோல் பங்க். பெட்ரோல் பங்க் பின்னாடி. வாட்டர் டேங்க். கல்யாண மண்டபம். ஒடம்பு பூரா சந்தனம் பூசி, வேண்டுதலுக்குப் பொம்பள வேஷம் கட்டி, கழுத்து மாலைக்கு நடுவுல பேக்டரி கார்டத் தொங்கவிட்டுக்கினு ஒருத்தன் ஏறினானாம். டிரைவர் மொதல்ல கும்புட்டுட்டு, அப்புறம் கார்டக் காட்டச் சொன்னாராம்.

என் குவெரிக்கு இதெல்லாம் கொண்டாட்டம். வந்த ஒவ்வொரு பேருக்கும் தனி பத்தி போட்டு, மரியாதையா உக்கார வெச்சிது. புதுசா வந்தவங்க உள்ள ஏற ஏற, படியில தொங்கினவன் கீழ விழுந்தான். ஏர்பேடு ரெண்டாவது பேப்பருக்குப் பூடுச்சி. அந்தப் பேப்பர்ல அது மட்டும்தான். இடது ஓரத்துல ஏர்பேடுன்னு ஒரு பேரு, கீழ நம்பருங்க, மீதியெல்லாம் வெள்ள வெளேர்னு. போண்டா வெக்கறதுக்குன்னே அளவெடுத்து அடிச்ச மாதிரி இருந்துது.

நேரம் பாருங்க, அந்த வாரம்தான் பேக்டரிக்காரங்க பஸ்ஸெல்லாம் லேட்டா வருதுன்னு சத்தம் போட்டாங்க. ஆளு ஏறாத ஸ்டாப்புங்கள எடுத்துடுங்கன்னுட்டாங்க. மேனேஜர் என்னக் கூப்ட்டு, அன்னிக்குப் பேப்பர முன்னாடி வெச்சிக்கினு, எங்க ஸ்டாப்புங்க பேரெல்லாம் ஒண்ணொண்ணா சொல்லிச் சரி பாத்தாரு. கடைசியில கண்ணாடியக் கழட்டினாரு.

"ஏர்பேடு லேது."

"இருக்குது சார். ரெண்டாவது பக்கத்துல இருக்குது."

"எக்கட?"

எங்கன்னு காட்டறது? அந்த ரெண்டாவது பக்கம் அவரு கைக்கிட்டதான் இருந்துது, மேல ரெண்டு போண்டாவோட. நான் கைய நீட்டிக் காட்டினேன். அவரு ஒரு போண்டாவ எடுத்து என் கையில குடுத்தாரு.

போண்டாவக் கையில புடிச்சிக்கினே நான் மறுபடி வெளக்கினேன். ஆளு ஏறுது சார், பேப்பர்லதான் எடம் பத்தல. அவரு தலைய ஆட்டினாரு. "நீவே கதா செப்பினாவு? எக்ககபோத்தே ராது." நீதானே சொன்ன, ஏறலன்னா வராதுன்னு? சொன்னேன் சார். இப்ப வரலியே? வரல சார். அப்ப ஏறலன்னுதானே அர்த்தம்? இந்தக் கணக்கு அவருக்கு மட்டும் எப்படி இவ்ளோ சுத்தமா வருதுன்னு நான் வாயப் பொளந்துக்கினு நின்னேன். அவரு கொரலத் தாழ்த்தி, "மீ இண்ட்டாவிட அக்கடே கதா எக்கேதி?"ன்னாரு. உன் வூட்டம்மா அங்கதானே ஏறுது?

ஆமான்னு சொன்னதுதான் தாமதம், வழக்கு முடிஞ்சிது. இனிமே நான் ரிப்போர்ட் எழுதறவன் இல்ல, பொண்டாட்டிக்காக கம்ப்யூட்டர்ல கைய வெக்கறவன். மேனேஜர் செவப்புப் பேனாவ எடுத்தாரு. பேப்பர்ல இல்லாத பேர எங்க அடிக்கறதுன்னு கொஞ்சம் தடுமாறினாரு. அப்புறம் கீழ வெள்ளையா இருந்த எடத்துல ஏர்பேடுன்னு அவரே எழுதி, அவரே அத்த அடிச்சாரு.

சாயங்காலம் அவ பஸ்ஸவிட்டு எறங்கி, ரோட்டுக்கு அந்தப் பக்கத்துல இருந்தே ஆரம்பிச்சிட்டா. "யோவ்! உன் ரிப்போர்ட்ல நான் இல்லியாமே? டிரைவர் அண்ணன் சொல்றாரு. திங்கக்கெழமையிலிருந்து இங்க நிக்காதாம்." அக்கம்பக்கத்துல எல்லாரும் எட்டிப் பாத்தாங்க.

"நீ ரெண்டாவது பக்கத்துல இருக்கற"ன்னேன்.

"போண்டாவுக்கு அடியிலயா?"

அந்த போண்டா கதைய நான்தான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். ரெண்டு பேரும் ஒரு நாள் வயித்தப் புடிச்சிக்கினு சிரிச்சிருக்கோம். அன்னிக்கு அவ சிரிக்கல. வூட்டுக்குள்ள வந்து பையக் கீழ வெச்சிட்டு, அதிசயமா மெதுவாக் கேட்டா. "ஊருல இருக்கற பெட்ரோல் பங்குக்கெல்லாம் எடம் போட்டு உக்கார வெக்கற. எனக்கு ஒரு எடம் போட முடியலியா உன்னால?" எனக்குச் சுருக்குன்னு இருந்துது. அவ கத்தியிருந்தாக்கூட தேவலாம்.

மறுநாள்ல இருந்து நான் பண்ணாத கூத்தில்ல. எழுத்தச் சின்னதாக்கி எல்லாத்தையும் ஒரே பக்கத்துல அடைச்சேன். மேனேஜர் கண்ணாடியக் கழட்டி என் கையில குடுத்து, "நுவ்வே சதுவு"ன்னாரு. நீயே படின்னுட்டாரு. ஸ்டாப் பேருங்களச் செங்குத்தா நிக்க வெச்சேன். கழுத்த ஒரு பக்கமாச் சாய்ச்சிப் படிச்சிட்டு, அன்னிக்கெல்லாம் கழுத்துல தைலம் தேச்சிக்கினு இருந்தாரு. சின்னச் சின்ன ஸ்டாப்புங்களையெல்லாம் சேத்து, இதரம்னு ஒரே பத்தியாப் போட்டேன். அதுல கவுன்சிலர் மச்சானோட ஸ்டாப்பும் மாட்டிக்கிச்சி. அவரு இதரமான்னு போன் வந்துது, பிரிச்சிட்டேன். கடைசியா துணிஞ்சி, ஏர்பேட அலிப்பிரிக்கு முன்னாடி, மொத பத்தியாக் கொண்டாந்து வெச்சேன். அதுக்கு மேனேஜர் ஆபீஸ்ல இருந்த எல்லாரையும் கூப்ட்டுக் காட்டினாரு. "நேத்து இல்லாத ஊரு இன்னிக்கு மொத சீட்டு! பெள்ளாம் மீத ப்ரேமய்யா!" பொண்டாட்டி மேல ஆசையாம். எல்லாரும் சிரிச்சானுங்க. டீக்கடைக்காரரு வரைக்கும் சிரிச்சாரு. மறுபடி ஏர்பேடு போண்டாவுக்கு அடியில போய்ப் படுத்துக்கிச்சி.

ஞாயித்துக்கெழமை சித்தூர் போனேன். சர்ச்சு முடிஞ்சதும் நேரா மொதலாளி வூடு. மாங்கா சீசன், வாசல் பூரா கூடைங்க. மொதலாளி நல்ல மனுஷன், தமிழ்லதான் பேசுவாரு, நாற்காலி போடச் சொன்னாரு. விஷயத்தச் சொன்னதும் போன எடுத்து, வாட்ஸ்அப்புல அந்த போட்டோவத் தேடி, ரெண்டு வெரலால விரிச்சி விரிச்சிப் பாத்தாரு.

"எங்கப்பா ஏர்பேடு?"

"ரெண்டாவது பக்கத்துல இருக்குது, சார்."

"எனக்கு தினம் ஒரு போட்டோதானே வருது?"

"அத்தத்தான் சார் சொல்றேன்."

"அப்ப மேனேஜர் மறைக்கறாருன்றியா?"

மாட்டிக்கினேன். "மறைக்கல சார்... அது மேல போண்டா வெச்சிக்கறாரு."

மொதலாளி கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாரு. உள்ள இருந்த வூட்டம்மாவக் கூப்ட்டு, என்ன இன்னொரு தடவ சொல்லச் சொல்லி, அவங்களும் சிரிச்சாங்க. அப்புறம் துண்டால கண்ணத் தொடைச்சிக்கினு, என் தோள்ல கை போட்டு சொன்னாரு. "பாருப்பா, நம்ம ரிப்போர்ட்ட வெச்சித்தான் பேக்டரிக்கு எழுதிக் குடுத்துட்டோம், ஏர்பேடுல ஆளே இல்லன்னு. இப்பப் போய் ஆளு இருக்குதுன்னா இன்னா சொல்லுவாங்க? உங்க ரிப்போர்ட்டே தப்புன்னுவாங்க. யாரு எழுதின ரிப்போர்ட்டு? நீ எழுதினது. உனக்குத்தானே கெட்ட பேரு?" எனக்குக் கெட்ட பேரு வரக்கூடாதுன்னு அவ்ளோ கவலை. போகும்போது ஒரு பை மாங்கா குடுத்தாரு. துன்னு பாரு, நம்ம தோட்டத்துதுன்னாரு. தித்திப்பு வேற அது, பாழாப் போன மாங்கா.

திங்கக்கெழமையிலிருந்து ஸ்கூட்டர். இருட்டுல அவள பின்னாடி உக்கார வெச்சிக்கினு ரேணிகுண்டா வரைக்கும் போவணும். அங்க அவ பஸ்ஸு ஏறணும். அந்த பஸ்ஸு அங்கிருந்து கெளம்பி நேரா எங்க ஊருக்குத்தான் வரும். எங்க வூட்டு வாசல்ல, எங்க மூக்குக்கு முன்னாடி, நிக்காமப் போவும். போற வழியில அவ போன் பண்ணுவா. "யோவ், வாசல் லைட்ட அணைக்காம வந்துட்ட. எரிஞ்சிக்கினு இருக்குது." நான் பின்னாடி லாரிங்க நடுவுல புழுதி துன்னுக்கினு வந்துக்கினு இருப்பேன். சாயங்காலமும் அதே கதைதான். சொந்த வூட்ட ஜன்னல் வழியாப் பாத்துக்கினே ரேணிகுண்டா போய் எறங்கி, அங்க எனக்காக நிப்பா. டிரைவர் பாவம், நிறுத்தத்தான் பாத்தாரு. வழியில நின்னா ஆபீஸுக்குத் தெரிஞ்சிடும், அவரு தலைதான் உருளும். வேணாம்ணான்னு அவளே சொல்லிட்டா.

ஏர்பேடுல அவகூட ஏறின நாலஞ்சு பேர்ல ஒருத்திய அந்தப் பொண்ணோட அண்ணன் பைக்குல ரேணிகுண்டா வரைக்கும் கொண்டாந்து விட்டான். இன்னொருத்தி, பஸ்ஸே நிக்காத வேலைக்கு இன்னாத்துக்குப் போவணும்னு வூட்ல சொல்லிட்டாங்கன்னு கொல்லி வேலைக்குப் போயிட்டா. மத்தவங்களும் ரேணிகுண்டாவுலயே ஏற ஆரம்பிச்சாங்க. அங்க நம்பரு கூடிப் போச்சி. மேனேஜர் அத்தப் பாத்துட்டு, ரேணிகுண்டா பெருகுது பாருன்னு பூரிச்சிப் போய் அந்தக் கட்டத்தச் சுத்தி செவப்புப் பேனாவால வட்டம் போட்டாரு.

கோட மழை ஆரம்பிச்சிது. ஒரு நாள் நனைஞ்சி, ஒரு நாள் டயர் பஞ்சராகி, ஒரு நாள் லாரிக்கு ஒதுங்கி சேத்துல எறங்கி, பஸ்ஸ விட்டோம். லைன் லீடர் லேட்டா வந்தா லைனே அவளப் பாத்து சிரிக்கும். சேறு ஒட்டின சுடிதாரோட ரேணிகுண்டாவுல நின்னுக்கினு, காலியான ரோட்டப் பாத்துக்கினே சொன்னா. "வேலைய விட மாட்டேன். உன்னையும் விட மாட்டேன். இந்த ஸ்கூட்டர மட்டும் விட்டுடறேன்." பேக்டரிக்குப் பக்கத்துல பொம்பளைங்க ஹாஸ்டல்ல ஒரு கட்டில் பாத்து வெச்சிருந்தா. ஞாயித்துக்கெழமை வருவேன்னா.

எங்கம்மா போன்ல, வேலைய விட்டுட்டு வூட்டோட இருக்கச் சொல்லுடான்னாங்க. ஏம்மா, நான் விட்டுட்டு வூட்டோட இருக்கறேனே, அவ போவட்டும்னு கத்தினேன். அம்மா போன வெச்சிட்டாங்க. பையன் சாஃப்ட்வேர்ன்னு இன்னும் நாலு பேர் கிட்ட சொல்ல வேண்டியிருக்குதே, பாவம்.

அவ பொட்டியத் தூக்கிக்கினு பஸ்ஸு ஏத்திவிடப் போனேன். எங்க போய்? ரேணிகுண்டாவுக்குத்தான். பஸ்ஸு கெளம்பினதும் நானும் பின்னாடியே வந்தேன். எங்க வூட்டுக்கிட்ட வரும்போது அவ ஜன்னல்ல இருந்து கைய நீட்டி ஆட்டினது எனக்குத் தூரத்துல தெரிஞ்சிது. எனக்கா, வூட்டுக்கான்னு தெரியல. ஸ்கூட்டர ஓரமா நிறுத்திட்டு அழுதேன். சொல்றதுக்கு எனக்கு வெக்கமில்ல.

ஜாத்திரை ஸ்டாப்புங்க எப்பவோ மறைஞ்சி பூடுச்சி. பெட்ரோல் பங்கும் இல்ல, பெட்ரோல் பங்க் பின்னாடியும் இல்ல. ரிப்போர்ட்டு பழையபடி ஒரே பக்கத்துக்கு வந்துடுச்சி. எக்ஸ்ட்ரா பேப்பர் வராததுல மேனேஜருக்குத்தான் போண்டா வெக்க எடமில்லாமப் பூடுச்சி, நியூஸ் பேப்பரக் கிழிச்சி வெச்சிக்கினு இருந்தாரு. அடுத்த மாசம் முடிஞ்சி, மாசம் பூராவுக்குமான ரிப்போர்ட்டு அடிச்சிக் குடுத்தேன். கண்ணுல ஒத்திக்கினு, ஸ்ரீ போட்டு, மேலிருந்து கீழ பாத்தாரு. திருச்சானூர் பத்திக்கு அந்தாண்ட, வலது ஓரத்துல, கொஞ்சம் வெள்ளையா எடம் காலியா இருந்துது. சரியா ஒரு பத்தி அகலம். அங்க வெரல வெச்சித் தட்டினாரு.

"சூடு தம்முடு, இங்க பாரு. எடம் இருக்குதா?"

"இருக்குது சார்."

"எடம் இருந்தும் ஏர்பேடு வந்துதா?"

"வரல சார்."

"அன்னிக்கே சொன்னேன்ல? பேப்பர் மேல பழியப் போட்டியே!"

பழக்க தோஷம், சீட்டுக்குத் திரும்பி வந்ததும் குவெரிய ஒரு தடவ மேலிருந்து கீழ சரி பாத்தேன். மெஷின்ல இருந்து வந்த க்யூவையும் பாத்தேன். அவரு சொன்னதுதான் சரி. என் குவெரியில ஒரு தப்பும் இல்ல. ரிப்போர்ட்டும் சுத்தமா இருக்குது. ஏர்பேடுல அந்த மாசம் ஒருத்தரும் பஸ்ஸு ஏறல. எங்க வூட்ல இருந்துகூட.